விதிப்புத்தகத்தில் மூன்று பக்கங்களை மட்டும் படியுங்கள்: ஒரு பழைய வார்டன்

பதினோரு வருடம் ஹாஸ்டல் வார்டனாக இருந்தேன். மது, போதை விவகாரத்தில் என் மேசை முன்னால் வந்து நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் எதையும் தொடாதவர்கள். "இதைக் கொஞ்சம் வச்சிரு, நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்ற நண்பனின் பையை வாங்கி வைத்தவர்கள்தான் அதிகம். அதனால் அட்மிஷன் அன்று கையெழுத்துப் போட்ட நடத்தை விதிகளைத் தேடி எடுங்கள். முழுதும் படிக்க வேண்டாம், நானே இரண்டு தடவைதான் முழுதாகப் படித்திருக்கிறேன்.

முதலில் 'வைத்திருத்தல்' என்ற இடம். பெரும்பாலான வளாகங்களில் குடிப்பது போலவே வைத்திருப்பதும் குற்றம். உங்கள் டிராயரில் கிடந்தால், யாருடையது என்று நிரூபிக்கும் தலைவலி உங்களுக்கு. காலி பாட்டிலுக்கும் சில இடங்களில் தண்டனை உண்டு. ஒரு பையன் பச்சை ஒயின் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொடி வளர்த்தான். நல்ல செழிப்பு, ஜன்னல் கம்பி வரை ஏறியிருந்தது. சோதனையன்று எனக்கு அதை எழுதத்தான் வேண்டியிருந்தது. அறையைப் பகிர்பவரிடம் முதல் வாரமே "ரூமுக்குள்ள வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். மீறி ஆரம்பித்தால் எழுந்து வெளியே போங்கள்.

அடுத்தது மருந்துகள். கவனக்குறைபாட்டுக்கான மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றை மருத்துவர் சீட்டோடு, வாங்கிய டப்பாவிலேயே வையுங்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி தோழிக்கு ஒரே ஒரு மாத்திரை கொடுத்தாலும் அதற்கு 'விநியோகம்' என்று பெயர். தான் சாப்பிடுவதைவிடப் பெரிய குற்றம் அது.

"வெளியே சட்டப்படி சரிதானே?" என்று வாதாடாதீர்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் கஞ்சாவை அனுமதித்த பிறகும் பல்கலைக்கழக வளாகங்களில் தடை நீடிக்கிறது. அந்நாட்டு மத்திய அரசின் நிதி வேண்டுமானால் போதைத் தடை விதி இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் மாணவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வெளிநாட்டு மாணவர் என்றால் விசாவுக்கே ஆபத்து.

மூன்றாவது இடம்தான் முக்கியம்: ஆபத்தில் உதவி கேட்டவருக்குத் தண்டனை உண்டா, இல்லையா? பல வளாகங்களில் விலக்கு இருக்கிறது. உங்கள் வளாகத்தில் இல்லாவிட்டாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மயங்கிக் கிடப்பவரை எழுப்பினால் எழவில்லையா? உடனே போன்தான். எழுந்தாலும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எட்டுக்குக் குறைந்தாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே போன் போடுங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்பக்க முழங்காலை மடக்கி, பக்கத்திலேயே உட்காருங்கள். காபியும் குளிர்ந்த தண்ணீரும் போதையை இறக்காது. கல்லீரல் மணிக்குச் சுமார் ஒரு சின்ன பெக் மதுவைத்தான் கழிக்கும். வயிற்றில் மிச்சம் இருப்பது, ஆள் தூங்கிய பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஹெராயின், கோடீன் போன்ற ஓபியாய்டு வகை என்று சந்தேகமிருந்து, அதை முறிக்கும் மருந்தான நலாக்சோன் கையில் இருந்தால் கொடுங்கள். ஆனால் அதன் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் அடங்கிவிடும், கண் திறந்துவிட்டான் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள். எதைச் சாப்பிட்டான் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று பேர் என் கதவைத் தட்டினார்கள். முதல் கேள்வியே, "சார், எங்க பேரை எழுதுவீங்களா?" நண்பன் மயங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பையன் பிழைத்துவிட்டான். விடியற்காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மூன்றாவது பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். கீழே மூவரின் கையெழுத்தும் இருந்தது.