மூன்று வீட்டுச் சாப்பாடு, ஒரு பூனை: நாம் செய்யும் தவறுகள்

எங்கள் பூனைக்கு மூன்று பெயர். எங்கள் வீட்டில் முத்து. இரண்டு வீடு தள்ளியிருக்கும் மலாய் ஆன்ட்டிக்கு, மக்சிக் என்போம், அவன் 'கொமெல்', அழகனாம். எதிர்வரிசைச் சீன அங்கிள் 'ஆ புய்' என்று கூப்பிடுகிறார். பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியெனில் குண்டன் என்று அர்த்தம். மூன்று பெயருக்கும் திரும்பிப் பார்ப்பான். காலையில் எங்கள் தட்டை முகர்ந்துவிட்டு கிரில் கதவுக்கடியில் நுழைந்து போனால் இரவு பத்து மணிக்குத் தலையைக் காட்டுவான். சில நாள் அதுவும் கிடையாது. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் லோரோங் (சந்து) முழுக்க அவனுக்குச் சொந்தம்.

நாம் வளர்க்கும் பூனை அக்கம்பக்கத்து வீடுகளில் சாப்பிடப் போகும் இந்த விஷயத்தில் நான் செய்யாத தவறு அநேகமாக எதுவும் இல்லை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில், மனதில் போட்டுக்கொள்வது. இவ்வளவு பாசமாக வளர்த்தும் நன்றி இல்லையே என்று நான் புலம்பியபோது, அம்மா "சோறு கண்ட இடம் சொர்க்கம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். உண்மையும் அதுதான். பூனையின் உடம்பு ஒரே வேளையில் வயிறு நிறையத் தின்பதற்கு ஏற்பட்டதல்ல. எலி, பல்லி, குருவி என்று நாளைக்குப் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக வேட்டையாடித் தின்ற இனம் அது. எந்த இடத்தில் எந்த நேரத்தில் இரை கிடைக்கும் என்பதை நன்றாக நினைவு வைத்திருக்கும். மக்சிக் ஐந்து மணிக்குப் பின்கதவைத் திறப்பதும் அதன் கணக்கில் ஒரு வேட்டைதான்.

மனதில் போட்டுக்கொண்டால் அடுத்து என்ன செய்வோம்? போட்டிக்கு இறங்குவோம். நானும் தட்டு நிறைய உலர் உணவைக் கொட்டி நாள் முழுக்க அப்படியே வைத்தேன். எப்போது வந்தாலும் இருக்கிற, ஈரக்காற்றில் நமுத்துப்போன சாப்பாட்டுக்கு யார் அவசரமாக ஓடி வருவார்கள்? மக்சிக் வீட்டில் கெம்போங் மீன் அவிந்து சூடாக வருகிறது. தோற்றது நான்தான். நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி போதும். உலர் உணவென்றால் சுமார் 60 கிராம். அதை மூன்று, நான்கு வேளையாகப் பிரித்து, நேரம் தவறாமல் வையுங்கள். அதில் ஒரு வேளை, அது வெளியே கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்பாக இருக்கட்டும். கடைசி வேளை இருட்டும் நேரத்தில். நாங்கள் பழைய மைலோ டின்னைக் குலுக்கிவிட்டுத்தான் வைப்போம். பத்துப் பதினைந்து நாளில் அந்தச் சத்தத்துக்கு வர ஆரம்பித்தான். சாப்பாட்டுக்கு முன் ஒரு கயிற்றை இழுத்துப் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. ஓடித் துரத்திய பிறகு சாப்பிட்டால் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துவிட்டுத் தூங்கிப்போகும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "பட்டினி போடு, பசித்தால் தானாக வருவான்" என்பார்கள். பசித்தால் அவன் மக்சிக் வீட்டுக்குப் போவான், வேறெங்கே! அதைவிட, குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பூனையிடம் இந்தப் பாடமெல்லாம் நடத்தக்கூடாது.

பெரிய தவறு அக்கம்பக்கத்தோடு மல்லுக்கு நிற்பது. "என் பூனைக்குச் சோறு போட நீங்கள் யார்?" என்று கேட்க வாய்வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: கழுத்தில் பட்டை இல்லாததால் அவன் தெருப்பூனை என்றே மக்சிக் நினைத்திருக்கிறார். வாசலில் வந்து அவன் போட்ட கூச்சலைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பசித்த பூனைக்குச் சோறு வைப்பதை அவர் புண்ணியமாக நினைப்பவர். அதைப் போய்க் குற்றம் என்றால் எப்படி இருக்கும்?

மக்சிக்கிடம் இதைப் பற்றிப் பேச வைத்தது ஒரு நோய். முத்துவுக்குச் சிறுநீரில் படிகம் இருந்தது. மருத்துவர் அதற்கென்று தனி உணவு கொடுத்திருந்தார். வேறு எதையாவது இடையில் தின்றால் அந்த உணவுக்குப் பலன் இருக்காது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது, சட்டென்று அடைத்துக்கொள்ளும். அடிக்கடி மண்தட்டில் போய் உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

"போடாதீர்கள்" என்று மக்சிக்கிடம் சொல்லியிருந்தால் முகம் சுருங்கியிருக்கும். "அவனுக்கு ஒன்றுக்குப் போக முடியாமல் ஊசி போட்டோம், மீன் தின்றால் திரும்ப வருமாம்" என்றதும் அவரே பதறிப்போனார். அப்புறம் முத்துவின் உணவையே ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தோம். அவர் ஆசையும் நிறைவேறியது, அவன் பத்தியமும் கெடவில்லை. அந்த அளவை வீட்டில் வைப்பதிலிருந்து குறைத்துவிடுகிறோம், அவ்வளவுதான். நோய் இல்லாத பூனைக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். குழம்பிலிருந்து எடுத்த மீன், பால் எல்லாம் கொடுப்பவருக்குப் பாசம்தான். ஆனால் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், பால் பெரும்பாலான பெரிய பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னால் யார் மனமும் புண்படாது.

அங்கிளிடம் பேசப் பாஷை போதவில்லை. அதனால் கழுத்துப் பட்டையில் 'எனக்கு வீடு உண்டு, மருந்துச் சாப்பாடு' என்று மலாயிலும் சீனத்திலும் எழுதி, கைப்பேசி எண்ணையும் சேர்த்துக் கட்டினோம். பட்டை எங்காவது மாட்டிக்கொண்டால் இழுத்ததும் கழன்றுவிடும் வகையாக இருக்கவேண்டும், இல்லையென்றால் கழுத்தை நெரிக்கும். மைக்ரோசிப் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். அதன் 15 இலக்க எண்ணைப் படிக்கக் கருவி வேண்டும். அங்கிளிடம் அது இல்லையே.

இன்னொன்று. ஊரெல்லாம் தின்றும் பூனை மெலிந்துகொண்டே போனால் பக்கத்து வீட்டின் மேல் பழி போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டியென்றால் குடற்புழுவாக இருக்கலாம், வயதான பூனையென்றால் தைராய்டோ சர்க்கரையோ இருக்கலாம். கருத்தடை செய்யாத ஆண் பூனை சுற்றுவது பெரும்பாலும் சோற்றுக்காக அல்ல. அதற்கு மீனைக் குறை சொல்லிப் பயனில்லை, ஐந்து மாதம் ஆனதும் அறுவையை முடித்துவிடுங்கள்.

ஒரே நாளில் கதவைப் பூட்டி உள்ளே அடைப்பதும் சரிவராது. இரவெல்லாம் கத்தும், திரைச்சீலையைக் கிழிக்கும். முதலில் இரவு மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பகலிலும். அடுக்குமாடி என்றால் முதல் வேலை சன்னல்களுக்கு வலை. வெளியே சுற்றும் பூனைகள் சண்டை போட்டுக்கொள்ளும்போது ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சைப் புண் தொற்றுவது மலேசியாவில் இருக்கிறது. அந்தப் பூனை நம்மைக் கீறினால் நமக்கும் வரும். இரவிலாவது உள்ளே வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

எரிச்சலில் "பாசாரில் (சந்தையில்) கொண்டுபோய் விட்டுவிடு" என்று யோசனை சொல்கிறவர்கள் எல்லாத் தாமானிலும் (குடியிருப்பிலும்) இருக்கிறார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். யாராவது விஷம் வைப்பேன், அடிப்பேன் என்று மிரட்டினால் மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தை நினைவூட்டுங்கள். கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

முத்து இப்போதும் ஐந்து மணிக்கு மக்சிக் வீட்டுக்குப் போகிறான். போத்தலிலிருந்து எண்ணிப் பத்து உணவுத் துண்டு கொடுக்கிறார், தின்றுவிட்டு வந்துவிடுகிறான். போத்தல் காலியானால் அதைக் கொண்டுவந்து எங்கள் கேட்டில் தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு எங்களுக்கு முன்னால் ஓடி வருவது அவன்தான்.