டி மொழியிலிருந்து எஸ்கியூலைட்டை அழைப்பது எப்படி

எஸ்கியூலைட் என்பது சி மொழியில் எழுதிய சிறு தரவுத்தள நூலகம். அதை அழைக்கப்போகும் டி என்ற நிரலாக்க மொழிக்கு மூன்று கம்பைலர்கள் உண்டு. கோடு எழுதும்போது எனக்கு டிஎம்டிதான். சட்டென்று கம்பைல் ஆகிவிடும். பயனர்களுக்கு வெளியிடும் பதிப்புக்கு, எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பை நம்பி நிற்கும் எல்டிசி. 2019 முதல் ஜிசிசி என்ற கம்பைலர் தொகுப்போடு வரும் ஜிடிசியும் இருக்கிறது.

சி நூலகம் வேண்டுமென்றால் முன்பெல்லாம் ஒவ்வொரு ஃபங்ஷனையும் ‘எக்ஸ்டெர்ன் சி’ போட்டுக் கையால் அறிவிக்க வேண்டும். இப்போது சி கோடை நேரடியாகப் படிக்கும் இம்போர்ட்சி என்ற வசதி கம்பைலருக்குள்ளேயே உண்டு. ஒரு சி ஃபைலில் எஸ்கியூலைட் ஹெடரை இன்க்ளூட் செய்யும் ஒரே வரியை எழுதுங்கள். டி ஃபைலில் அந்த ஃபைலின் பெயரை இம்போர்ட் செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள், மோதும். இரண்டையும் சேர்த்துக் கம்பைல் செய்து, லிங்கருக்கு எஸ்கியூலைட் நூலகத்தையும் சொல்லிவிட்டால் சரி. எளிய எண் மேக்ரோக்கள் தாமாகவே வந்துவிடும். சிக்கலான மேக்ரோக்களை நம்பி உட்காராமல், டி பக்கம் நீங்களே ஒரு வரி எழுதிக்கொள்வது மேல்.

ஸ்ட்ரிங்கில்தான் வம்பு. டி ஸ்ட்ரிங் என்பது பாயின்டரும் (மெமரி முகவரி) நீளமும். சி தேடுவதோ கடைசியில் நிற்கும் பூஜ்யத்தை. கோடில் நேரடியாக எழுதிய லிட்டரலுக்குக் கம்பைலரே பூஜ்யம் போட்டுவிடுவதால் முதல் சோதனை ஜோராக ஓடும். பயனர் தட்டிய பெயர் வரும்போது குப்பை எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு வரலாம். கடைசியில் பூஜ்யம் சேர்த்துத் தரும் ‘டு ஸ்ட்ரிங் இசட்’ ஃபங்ஷன் வழியாகவே அனுப்புங்கள்.

அப்புறம், சி பக்கம் மாலாக் ஃபங்ஷனால் எடுத்த மெமரியை, பயன்படாத மெமரியைத் தானே விடுவிக்கும் டியின் கார்பேஜ் கலெக்டர் துழாவாது. பாயின்டர் அங்கே மட்டும் இருந்தால், அது காட்டும் டி மெமரியை விடுவித்துவிடலாம். சி வைத்துக்கொள்ளப்போகும் பாயின்டரை டி பக்கமும் ஒரு வேரியபிள் பிடித்திருக்கட்டும். இல்லையென்றால் அந்த மெமரியை மாலாக்கிலேயே எடுங்கள்.