சிஎஃப்பி சான்றிதழ்: தேர்வுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

தேர்வில் தேறிய பிறகும், நிதித் திட்டமிடுபவருக்கான சிஎஃப்பி (Certified Financial Planner) சான்றிதழ் கைக்கு வராமல் காத்திருப்பவர்கள் உண்டு. செய்த வேலைக்கு ஒழுங்கான பதிவு இருக்காது, அல்லது அந்த வேலை நிதித் திட்டமிடல் என்ற கணக்கிலேயே வராது. படிப்பு, தேர்வு, பணி அனுபவம், நெறிமுறை என்ற நான்கும் கூடினால்தான் சான்றிதழ். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கலாம் என்று நினைத்தால் வருடங்கள் வீணாகும். படிக்கத் தொடங்கும் வாரத்திலேயே அனுபவப் பதிவேட்டையும் தொடங்கிவிடுங்கள்.

முதலில் எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அமெரிக்காவில் சிஎஃப்பி போர்டு இந்தச் சான்றிதழை வழங்குகிறது. மற்ற நாடுகளுக்கு 2004-இல் அமைந்த எஃப்பிஎஸ்பி (Financial Planning Standards Board) என்ற அமைப்பு பொறுப்பு. பாடத்திட்டம், தேர்வு அமைப்பு, அனுபவ அளவு எல்லாமே நாட்டுக்கு நாடு மாறும். ஒரு நாட்டில் பெற்றதை வைத்து இன்னொரு நாட்டில் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. அங்கே உள்ள விதிகளையும் நிறைவு செய்தாக வேண்டும். இன்னொன்று: சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்லவும் காப்பீடு விற்கவும் பல நாடுகளில் ஒழுங்குமுறை ஆணையத்திடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்று தனித் தேர்வு இருந்தால், இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொதுவான பகுதிகளை ஒரே மூச்சில் படித்துவிடுவது லாபம்.

அனுபவப் பதிவில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்காவில் பொது வழிக்கு 6,000 மணி நேரம் வேண்டும். சான்றிதழ் பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் பயிற்சி வழியில் வந்தால் 4,000 போதும். எஃப்பிஎஸ்பி வகுத்த திட்டமிடல் முறையில் ஆறு படிகள் இருக்கின்றன: வாடிக்கையாளருடன் உறவின் வரம்பை முடிவு செய்தல், தகவல் திரட்டல், நிலையை ஆராய்தல், பரிந்துரை உருவாக்கி விளக்குதல், செயல்படுத்தல், மறுஆய்வு. செய்யும் வேலை இவற்றில் எந்தப் படியில் விழுகிறது என்று ஒவ்வொரு வாரமும் எழுதுங்கள். தேதி, மணி நேரம், படி, செய்த வேலை, மேற்பார்வையாளர் என ஐந்து நெடுவரிசை கொண்ட ஒரு தாள் போதும். வாடிக்கையாளரின் பெயரை எழுதாதீர்கள், குறியீட்டு எண் போடுங்கள். “பாலிசி வேலை, 6 மணி” என்ற வரியால் பயனில்லை. “இரண்டு ஆண்டு வரவு செலவைத் தொகுத்து, அவசரத் தேவைக்கான கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்கே இருப்பதைக் கண்டறிந்தது” என்ற வரி தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும். மேற்பார்வையாளரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து வாங்குங்கள். அவர் வேலை மாறிப் போன பிறகு தேடிப்பிடித்து உறுதி செய்ய வைப்பது பெரும்பாடு.

படிப்பைப் பொறுத்தவரை, காப்பீடு, முதலீடு, வரி, ஓய்வுக்காலம், சொத்துப் பகிர்வு ஆகியவற்றைத் தனித்தனியாகப் படித்துவிட்டுக் கடைசியில் எல்லாவற்றையும் இணைத்து ஒரு முழுத் திட்டம் தயாரிக்க வேண்டும். ஏற்கெனவே சிபிஏ (கணக்காளர்), சிஎஃப்ஏ (முதலீட்டு ஆய்வாளர்) போன்ற தகுதி இருந்தால் பாடங்களின் பெரும்பகுதிக்கு விலக்கு கிடைக்கும் நாடுகள் உண்டு. ஆனால் அந்த முழுத் திட்டப் பயிற்சியை மட்டும் தவிர்க்க நினைக்காதீர்கள். முதல் திட்டங்களில் பெரும்பாலும் ஒரே பணத்தை மூன்று முறை செலவழித்திருப்பார்கள்: மாத மிச்சம் 40,000 என்று முதல் பக்கத்தில் இருக்கும், வீட்டுக்கு 20,000, பிள்ளை படிப்புக்கு 15,000, ஓய்வுக்காலத்துக்கு 18,000 என உள்ளே 53,000 ஒதுக்கியிருக்கும். ஒவ்வொரு பகுதியும் தனியாகப் பார்த்தால் சரியாகவே தெரியும். அதனால் எல்லா மாத ஒதுக்கீட்டையும் ஒரே அட்டவணையில் கூட்டி, மிச்சத்தோடு ஒப்பிட்ட பிறகே பரிந்துரையை எழுதுங்கள். பணவீக்க விகிதத்தையும் வருமான விகிதத்தையும் ஒரே இடத்தில் குறித்துவைத்து, எல்லாக் கணக்குக்கும் அங்கிருந்தே எடுங்கள். காப்பீட்டுத் தேவையைக் கணக்கிடும்போது கடனைக் கூட்டவும், ஏற்கெனவே உள்ள காப்பீட்டைக் கழிக்கவும் மறக்கக் கூடாது.

தேர்வு அமெரிக்காவில் 170 கேள்விகள், மூன்று மணி நேரம் கொண்ட இரண்டு அமர்வுகள். ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். பாடங்களை முடித்த பிறகு இதற்கென்று சுமார் 250 மணி நேரம் ஒதுக்கினால் நிதானமாகத் தயாராகலாம். வேலையில் இருப்பவர் வாரம் 12 மணி நேரம் படித்தால் ஐந்து மாதம் ஆகும். கடைசி மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் கடிகாரம் வைத்துக் கேள்விகள் போட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் சூத்திரம் தெரியாததால் அல்ல, கால்குலேட்டர் அமைப்பால். ஓர் உதாரணம்: இன்றைய ஆண்டுச் செலவு 3,00,000; ஓய்வுக்கு 20 ஆண்டு; பணவீக்கம் 6%; ஓய்வுக்குப் பின் 25 ஆண்டு; அப்போது முதலீட்டு வருமானம் 8%. முதலில் செலவைப் பெருக்குங்கள்: 3,00,000 × 1.06-இன் 20-ஆம் அடுக்கு, ஏறத்தாழ 9,62,000. அடுத்து, பணவீக்கம் போக மிஞ்சும் உண்மை வருமான விகிதம்: 1.08 ÷ 1.06 − 1 = 1.887%. செலவு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் தேவைப்படுவதால் கால்குலேட்டரை ‘பிகின்’ நிலைக்கு மாற்ற வேண்டும். 9,62,000-ஐ ஆண்டுச் செலவாக, 25 ஆண்டுக்கு, 1.887% விகிதத்தில் போட்டால், ஓய்வு தொடங்கும்போது தேவைப்படும் நிதி சுமார் 1.94 கோடி. செலவு ஆண்டு முடிவில் என்று எடுக்கும் ‘எண்ட்’ நிலையிலேயே விட்டால் 1.90 கோடி வரும். 8-இலிருந்து 6-ஐக் கழித்து 2% என்று போட்டால் 1.92 கோடி. இதுபோன்ற தவறான விடைகள் தேர்வில் மற்ற விருப்பங்களாக வரிசையாக நிற்கும், உங்கள் விடை அங்கே இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவீர்கள். ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் முன்பு பழைய எண்களை அழியுங்கள், பிகின்/எண்ட் நிலையைப் பாருங்கள், கட்டும் பணத்துக்கு மைனஸ் குறி போட்டீர்களா என்று சரிபாருங்கள். தேர்வில் அனுமதிக்கும் மாடல் எது என்று விதிமுறையில் பார்த்து, முதல் நாளிலிருந்தே அதில் பழகுங்கள். மாதக் கணக்கில், 12% பயனுறு ஆண்டு வருமானம் (மாதா மாதம் கூட்டு வட்டி சேர்ந்து ஆண்டு முடிவில் வரும் மொத்த விகிதம்) என்றால் மாத விகிதம் 1% அல்ல, 0.949%.

நெறிமுறை விண்ணப்பத்தில் பழைய திவால், ஒழுங்கு நடவடிக்கை, வழக்கு பற்றிக் கேட்பார்கள். இருந்தால் ஆவணத்தோடு நீங்களே எழுதுங்கள். நடந்ததை விட, மறைத்தது தெரிய வருவதுதான் பெரிய சிக்கல். தேர்வில் தேறியதும் விசிட்டிங் கார்டில் சிஎஃப்பி என்று அச்சடித்துவிடாதீர்கள். அது பதிவு செய்யப்பட்ட வணிகக் குறி. அனுமதிக் கடிதம் வந்த பிறகே பயன்படுத்தலாம்.

கிடைத்த பிறகும் புதுப்பித்தல் தொடரும். அமெரிக்காவில் இரண்டு ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி, அதில் இரண்டு மணி நேரம் நெறிமுறை கட்டாயம் என்ற விதி நீண்ட நாளாக இருந்துவருகிறது. உங்கள் நாட்டின் அளவை எடுத்து மாதங்களால் வகுத்து, வகுப்பு முடிந்த அன்றே சான்றைக் கோப்பில் சேருங்கள்.