நிரலாளர் தீர்வுக் கட்டமைப்பாளராக மாறுவது எப்படி?

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முறையாகப் புறப்பட்ட ஏரியான் 5 ராக்கெட், ஏறத்தாழ 40 வினாடிகளில் வானிலேயே சிதறியது. அதன் திசையறி கருவியில் இருந்த மென்பொருள், முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டில் குறையின்றி இயங்கியதுதான். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் மிகுந்திருந்ததால், 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் மதிப்பு அடங்காமல் போய், அந்தக் கருவி நின்றது. ஒன்று பழுதானால் உதவ வைத்திருந்த மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருளே இருந்ததால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. அந்த எண் அவ்வளவு பெரிதாகாது என்ற கணிப்பு ஏரியான் 4-க்குச் சரியானதே. புதிய ராக்கெட்டுக்கும் அது பொருந்துமா என்பதுதான் சோதிக்கப்படவில்லை. பகுதிகள் தனித்தனியே சரியாக இருந்தும் அவை சேருமிடத்தில் முழுமை தவறிவிடுகிறது என்றால், அந்த இடத்தைக் காப்பதே கட்டமைப்பாளரின் வேலை.

அலுவலகங்களில் சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட் என்று அழைக்கப்படும் இந்தப் பொறுப்புக்குச் செல்ல விரும்புவோர் பலரும் முதலில் கிளவுட் (இணையவழி வாடகைக் கணினிச் சேவை) சான்றிதழ்களைத் தேடுகிறார்கள். எந்தச் சேவை எதற்குப் பயன்படும் என்று அறிய அவை உதவும்; ஆனால், பின்னர் மாற்றினால் பெருஞ்செலவு வைக்கும் முடிவு எது, நாளையே மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு எது என்று பிரித்தறியும் பக்குவம், சொந்தப் பணியில் பழகினால்தான் வரும்.

அதற்கு, நீங்கள் ஏற்கெனவே நிரல் எழுதிவரும் அமைப்பிலிருந்து ஒரே ஒரு செயல்முறையை எடுத்துக்கொண்டு, அது தொடங்குவது முதல் முடிவது வரை பின்தொடருங்கள். பயணச்சீட்டு முன்பதிவை எடுத்துக்கொள்வோம். வங்கி பணத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் அதன் பதில் வருவதற்குள் காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டது. மீண்டும் முயல்க என்று ஒரு வரி சேர்ப்பது நிரலாளருக்கு எளிது. முதல் கோரிக்கை உண்மையிலேயே நிறைவேறியிருந்தால், அந்த ஒரு வரி பயணியிடமிருந்து இரண்டாம் முறை பணத்தை எடுத்துவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் பழைய பதிலையே திருப்பித் தரும்படி இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இந்த ஆபத்து நீங்கும். அப்போதும் சில கேள்விகள் எஞ்சி நிற்கும்: பணம் சென்றதா இல்லையா என்பதில் யாருடைய பதிவேடு இறுதியானது, முடிவு தெரியாத பரிவர்த்தனையைப் பயணிக்கு எந்தச் சொல்லால் காட்டுவது, இரு பதிவேடுகளையும் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒப்பிடுவது, அதுவரை அந்த இருக்கையைப் பிடித்து வைத்திருப்பதா விட்டுவிடுவதா? இவற்றுள் எதற்கும் நிரலுக்குள் மட்டும் விடை கிடைக்காது. வணிகப் பிரிவினரிடமும் கணக்குப் பிரிவினரிடமும் சென்று பேசியாக வேண்டும். இந்த உரையாடலை நீங்களே தொடங்கும் நாளில், பதவிப் பெயர் மாறாவிட்டாலும் மாற்றம் தொடங்கிவிடுகிறது.

அடுத்ததாக, வாக்குறுதிகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பழகுங்கள். ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்றால், ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம் நின்றுபோகலாம் என்று பொருள். ஒரு கோரிக்கை நிறைவேற அத்தகைய ஐந்து சேவைகளும் இயங்கியாக வேண்டும், ஒன்றின் பழுது மற்றொன்றைச் சாராது என்று கொண்டால், மொத்தம் 99.5 விழுக்காடாகக் குறைந்து, நின்றுபோகும் நேரம் ஏறத்தாழ 44 மணி நேரமாகிறது. ஒரு பெரிய நிரலைச் சிறு சேவைகளாக உடைக்கும் திட்டம் பேசப்படும்போது இந்தக் கணக்கை மேசைமேல் வைப்பவர் கட்டாயம் ஒருவர் இருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகளை எழுதி வைப்பதை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த முடிவுப் பதிவு முறை மிக எளியது: சூழல் என்ன, எடுத்த முடிவு என்ன, அதனால் வரும் நன்மையும் சுமையும் என்ன என்று ஓரிரு பக்கத்தில் எழுதி, நிரலோடு சேர்த்தே சேமிக்க வேண்டும். அத்துடன், கைவிட்ட வழிகளையும், எந்த அனுமானம் பொய்த்தால் இம்முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதையும் நான் சேர்க்கச் சொல்வேன். ஏரியான் 4-இன் வேக வரம்பைப் போன்ற ஓர் அனுமானம், அதை வகுத்தவர்கள் வேறு வேலைக்குப் போன பிறகும் கண்ணில் பட வேண்டும்.

ஓர் அமைப்பின் வடிவம் அதை உருவாக்கும் குழுக்களின் பேச்சுத் தொடர்பையே ஒத்திருக்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். ஆகவே, அமைப்பின் பகுதிகளைப் பெட்டிகளாகப் படம் வரையும்போது அத்தோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பெட்டிக்கும் எந்தக் குழு பொறுப்பு என்பதையும் குறியுங்கள். இரு குழுக்கள் ஒரே தரவுத்தள அட்டவணையில் எழுதுவது தெரிந்தால் முதலில் அங்கே கவனம் செலுத்துங்கள்.

நிரல் எழுதுவதை முற்றிலும் விட்டுவிடாதீர்கள். ஆபத்து மிகுந்த இணைப்பை முதலில் நீங்களே சிறு மாதிரியாகக் கட்டிப் பாருங்கள். பிறகு, உங்கள் குழுவுக்கு அடுத்து வரவிருக்கும் வெளி நிறுவன இணைப்பு ஒன்றின் வடிவமைப்பைப் பொறுப்பேற்கிறேன் என்று மேலாளரிடம் கேளுங்கள். முதல் முடிவுப் பதிவை அதற்கே எழுதி, மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து, அதிலுள்ள அனுமானங்களை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.