துணையுடன் முதன்முறையாகக் குடும்பத்தாரைப் பார்க்கச் செல்லும் முன்

இருவராக முதன்முறை குடும்பத்தாரைப் பார்க்கக் கிளம்பும்போது, பயணச்சீட்டைப் பற்றியும் கொண்டுபோகும் பரிசைப் பற்றியுமே பலரும் கவலைப்படுகிறார்கள். அவை அரை நாளில் முடியும் வேலைகள். உண்மையில் நேரம் ஒதுக்க வேண்டியது, அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் புதிதாக வருபவருக்கு அந்த வீட்டைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைப்பதற்குத்தான்.

"எங்கள் வீட்டில் எல்லாரும் நல்லவர்கள், நீயே வந்து பார்" என்று சொல்வது அன்பான பேச்சுதான். ஆனால் வருபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. யார் யாருக்கு என்ன உறவு, அவர்களை எப்படி அழைக்க வேண்டும், காலையில் எத்தனை மணிக்கு வீடு விழித்துக்கொள்கிறது, குளியலறைக்கு யார் முதலில் போவார், அப்பாவின் கேலி எங்கே முடிந்து கோபம் எங்கே தொடங்குகிறது என்பவற்றையெல்லாம் விவரமாகச் சொல்ல வேண்டும். பேச்செடுக்கக் கூடாத விஷயங்களும் எந்த வீட்டிலும் இருக்கும்: அண்மையில் நேர்ந்த ஒரு மரணம், தீராத கடன், பேச்சுவார்த்தை அற்றுப்போன ஓர் உடன்பிறப்பு. அவற்றின் முழுக்கதை தேவையில்லை. அந்தப் பக்கம் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை போதும். தம்மைப் பற்றி வீட்டாருக்கு ஏற்கெனவே என்னென்ன தெரியும், எவையெல்லாம் இன்னும் சொல்லப்படவில்லை என்பதை வருபவர் கேட்டு வைத்துக்கொள்வது அதைவிட முக்கியம். பழைய வேலையையோ முந்தைய மணவாழ்க்கையையோ அவர்தாம் முதலில் வெளியிட்டார் என்று ஆகிவிடக் கூடாது.

முதல் பயணத்துக்கு 2 அல்லது 3 இரவுகள் போதும் என்பது என் கருத்து. வரும் நாளைச் சொல்லும்போதே திரும்பும் நாளையும் சொல்லிவிட்டால், இடையில் கிளம்புவதாகவோ மனத்தாங்கலோடு போவதாகவோ யாரும் எண்ண இடமிருக்காது. எங்கே உறங்குவது என்பதைப் பெட்டியும் கையுமாக வாசலில் நின்றுகொண்டு பேசலாகாது. பெரியவர்கள் தனித்தனி அறைகளை விரும்பக்கூடும் என்று தோன்றினால், அதை ஏற்பதா, அருகில் ஒரு விடுதியில் தங்குவதா என்று இருவரும் முன்பே தீர்மானித்து, வீட்டுப் பிள்ளையே தொலைபேசியில் பேசி முடித்துவிட வேண்டும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத உணவு இருந்தாலும் அப்படித்தான். தட்டில் பரிமாறிய பிறகு சொன்னால் சமைத்தவர் மனம் நோகும்.

போய்ச் சேர்ந்த பிறகு நேரும் சிக்கலைப் பெரும்பாலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பல ஆண்டுகள் தனியே வாழ்ந்து, தன் காலில் நிற்கும் ஒருவர், பெற்றோர் வீட்டுப் படியேறியவுடன் பதினைந்து வயதுப் பிள்ளையாகிவிடுகிறார். பழைய அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார், உடன்பிறந்தாரோடு பழைய கதைகளைப் பேசிச் சிரிக்கிறார், கூடத்தில் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு தனியே அமர்ந்திருப்பதை மறந்துவிடுகிறார். அவர் மீது குற்றம் சொல்ல முடியாது, ஆனால் தான் இப்படி மாறிவிடுவதை அவரே கவனித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். முதல் சில மணி நேரமாவது துணையை விட்டு அகலாமல், எல்லாரும் சிரிக்கும் கதையின் முன்பின்னை இரண்டு வாக்கியங்களில் அவருக்கு எடுத்துச் சொல்வது நல்லது. நாளுக்கு ஒருமுறை இருவரும் காலாற நடந்துவிட்டு வரலாம், மூச்சுவிடவும், "நேற்று நான் சொன்னது தவறா?" என்று கேட்டுத் தெளியவும் வேறு இடம் கிடைக்காது. வீட்டார் யாரேனும் முகத்துக்கு நேராகக் குத்தலாகப் பேசினால், பதில் சொல்ல வேண்டியவர் அந்த வீட்டுப் பிள்ளையே. புதியவர் வாய்திறந்தால் சின்ன விஷயமும் பெரிதாகிவிடும்.

வருபவரும் சும்மா இருந்துவிட முடியாது. "ஏதாவது உதவட்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால் வேண்டாம் என்ற பதில்தான் வரும். பாத்திரங்களை நான் துடைத்து வைக்கிறேன் என்று குறிப்பாகச் சொல்லலாம். அதற்கும் மறுப்பு வந்தால் விட்டுவிடலாம். பேச்சு நின்றுபோகும் வேளைகளில் பழைய படங்களைக் காட்டச் சொல்லிக் கேட்பது ஏறக்குறைய எங்கும் பலிக்கும்.

ஊர் திரும்பிய அன்றே போய்ச் சேர்ந்த செய்தியை இருவருமாகச் சேர்ந்து தொலைபேசியில் சொல்ல வேண்டும். குறைகளை மட்டும் வழியிலேயே பேசத் தொடங்காமல் ஒரு நாள் ஆறப்போடுவது நல்லது. தன் தாயைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் அலுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, அதே சொற்கள் துணையின் வாயிலிருந்து வந்தால் சுருக்கென்று தைக்கும். ஆகவே மறுநாள் பேச உட்காரும்போது, யார் எப்படி நடந்துகொண்டார் என்பதை விட்டுவிட்டு, அடுத்த முறை எத்தனை நாள் தங்குவது, எதை முன்பே சொல்லியிருக்கலாம் என்பதிலிருந்து தொடங்கலாம்.