திங்கள் என்றால் திங்கட்கிழமை இல்லை

போன மாதம் ஒரு கல்லூரி விழாவில் 'பாட்டுக்குப் பொழிப்புரை' போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒரு சினிமாப் பாட்டை எடுத்துக்கொண்டு, கவிஞர் சொன்னது அத்தனையும் நிஜம் என்று வைத்து, சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும். நான் பதினைந்து வருடமாக மேடைகளில் செய்துவரும் வேலை இதுதான். வந்த ஒன்பது பேரில் பாதிப்பேர், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. மைக்கை வாய்க்குள் வைத்துப் பேசுவது, சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவது எல்லாம் நாலு மேடை ஏறினால் தானாகப் போய்விடும். அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை.

'லாஜிக்கே இல்லை' என்று முடித்துவிடுவது

1992இல் வந்த 'ரோஜா' படத்தின் 'சின்னச் சின்ன ஆசை' பாட்டை ஒரு மாணவர் எடுத்தார். வைரமுத்து எழுதியது. 'என்னை இந்தப் பூமி சுற்றிவர ஆசை' என்ற வரி வந்ததும், "இது எப்படிங்க முடியும்? லாஜிக்கே இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது. முடியாது என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

முடியும் என்று நம்புங்கள். நம்பிவிட்டு, அப்புறம் என்ன ஆகும் என்று பாருங்கள். பூமி அவளைச் சுற்ற வேண்டுமானால் அவள் பூமியில் நிற்க முடியாது, வெளியே போயாக வேண்டும். கொஞ்சம் தள்ளி மல்லிகைப் பூவாக மாற ஆசைப்படுகிறாள். சரி, இப்போது பூமி ஒரு மல்லிகைப் பூவைச் சுற்றுகிறது. அதற்கும் பிறகுதான் சேற்று வயலில் நாற்று நடும் ஆசை வருகிறது. வயல் பூமியோடு சுற்றிக்கொண்டிருக்கிறது, நட வேண்டியவளோ வெளியே பூவாக இருக்கிறாள். முதலில் நாற்றை நட்டுவிட்டு மற்ற ஆசைகளுக்குப் போயிருக்கலாமே என்று கேட்கும்போது கூட்டம் சிரிக்கும். கவிஞரை நம்பினால் கிடைக்கும் சிரிப்பு இது.

எண்ணைக் குத்துமதிப்பாகச் சொல்வது

அதே பாட்டில் நிலவைத் தொட்டு முத்தமிடும் ஆசையும் உண்டு. நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மாணவர் முப்பத்தெட்டு லட்சம் என்றார். முன்வரிசையில் இயற்பியல் துறை மொத்தமும் உட்கார்ந்திருந்தது.

அகராதியைத் திறக்காமல் மேடை ஏறுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

'இருவர்' படத்தில் 'நறுமுகையே' பாட்டு, 1997. அதில் 'அற்றைத் திங்கள் அந்நிலவில்' என்று வரும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் அதை மேடையில் எடுத்தேன். திங்கள் என்றால் திங்கட்கிழமை என்று வைத்துக்கொண்டு, வாரத்தின் முதல் நாள் ராத்திரி வேலையை விட்டுவிட்டுக் குளத்தில் என்ன குளியல், லீவு யார் கொடுத்தது என்று ஐந்து நிமிடம் ஓட்டினேன். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

கீழே இறங்கியதும் ஓர் அம்மா வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியை. கையில் காபி டம்ளர். ஒரு நிமிஷம் நில்லுங்க தம்பி என்று சொல்லி, டம்ளரைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, புறநானூற்றின் 112ஆம் பாட்டைச் சொன்னார். மொத்தமே ஐந்து வரி. 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின், எந்தையும் உடையேம்' என்று தொடங்கும். பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டார்கள், பாரி இறந்தான். அவன் மகள்கள் பாடியது அது. அந்த மாதம், அந்த வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார். இந்த மாதம், இந்த வெண்ணிலவில் மலையும் போயிற்று, தந்தையும் இல்லை. திங்கள் என்றால் இங்கே மாதம். அந்த அம்மா கோபப்படவில்லை, குரல்கூட உயரவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவை இழந்த இரண்டு பெண்களின் சொல்லை வைத்து லீவு ஜோக் சொல்லியிருக்கிறேன்.

போன மாதப் போட்டியில் மூன்று பேர் அதே திங்கட்கிழமையோடு வந்தார்கள். மூன்று பேர்! சட்டைப்பையில் போன் இருக்கிறது, அகராதி பார்க்க அரை நிமிடம் ஆகாது. நேர்ப்பொருள் சொல்லப் போகிறவர், அந்த நேர்ப்பொருளைத் தெரிந்துகொள்ளாமல் வந்தால் எப்படி?

சரியான பொருளைப் பிடித்தால் அதே பாட்டில் எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். அந்த மாதம், அந்த நிலவில், பொய்கையில் ஆடியவள் நீயா என்று அவன் கேட்கிறான். அங்கே நின்று ஒரே பார்வை பார்த்தவன் நீயா என்று அவள் கேட்கிறாள். நெற்றியில் வழிந்த நீர் முத்துப் போல இருந்தது வரை அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. முகம் மட்டும் சந்தேகம். இரண்டு பேருமே ஆள் அடையாளம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக அவன் கேட்கும் அவகாசம் ஒரு நாழிகை. ஒரு நாளைக்கு 60 நாழிகை, அப்படியென்றால் ஒரு நாழிகை 24 நிமிடம். பாட்டோ ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. மிச்சம் பதினேழு நிமிடம் அந்தப் பெண் எதற்காக நிற்கிறாள்? இப்போதெல்லாம் மேடையில் நான் சொல்வது இதைத்தான். அந்தத் திங்கட்கிழமைக்கு வந்ததைவிடச் சிரிப்பு அதிகம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கண்ணதாசன் 'மூன்றாம் பிறை'க்கு எழுதிய 'கண்ணே கலைமானே' எல்லோருக்கும் தெரியும். மானில் கலை என்றால் ஆண், பிணை என்றால் பெண். தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது. அவளை ஆண் மானே என்று கூப்பிட்டுவிட்டு, அடுத்த மூச்சிலேயே கன்னி மயில் என்கிறார். அகராதியைத் திறந்தவருக்குத்தான் இது கண்ணில் படும்.

காதில் விழுந்ததை வரி என்று நம்புவது

வரிகளை எழுத்தில் பாருங்கள். இரண்டு இடத்தில் பாருங்கள்.

பாடகரின் உச்சரிப்பைக் கிண்டல் செய்வது

வேண்டாம்.

நீட்டிக்கொண்டே போவது

ஒரு பாட்டில் மூன்று வரி போதும். அந்த மூன்று திங்கட்கிழமைக்காரர்களில் ஒரு பெண், முடிவு அறிவித்த பிறகு என்னிடம் வந்து பாரி மகளிர் பாட்டை எழுதித் தரச் சொன்னாள். மதிப்பெண் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து, கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு, 'இலமே' என்றால் என்ன சார் என்று கேட்டாள்.