ஹோமியோபதி மருந்துக் குறிப்பேடு: வீட்டில் நேரும் தவறுகள்

"மகளுக்குக் காய்ச்சல். பெல்லடோனா கொடுத்தோம். சரியாகிவிட்டது." வீட்டுக் குறிப்பேடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு வரி இருக்கும். ஆறு மாதம் கழித்து இதைப் படித்தால் எதுவும் புரியாது. காய்ச்சல் எத்தனை டிகிரி, என்றைக்குத் தொடங்கியது, எந்த வீரியம் (மருந்தை எந்த அளவுக்கு நீர்த்திருக்கிறார்கள் என்பது), எத்தனை வேளை, குணமாக எத்தனை நாள் பிடித்தது என்று எதுவுமே அதில் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுவதைத்தான் பெரிய தவறு என்பேன். குணமான நிம்மதியில் எழுதும்போது நினைவு நமக்குச் சாதகமாகவே சாயும். மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே தேதி, நேரம், தெர்மாமீட்டர் காட்டிய அளவு, குழந்தை தண்ணீர் குடித்ததா, சிறுநீர் போனதா என்பதை எழுதிவிடுங்கள். தொடங்கிய நாளை எழுதுவது மிக முக்கியம். சாதாரண சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும். ஐந்தாம் நாள் மருந்து உருண்டை கொடுத்து எட்டாம் நாள் மூக்கு திறந்தால், தொடங்கிய நாள் இல்லாத ஏட்டில் அந்தப் பெருமை முழுவதும் மருந்துக்கே போய்ச் சேரும்.

பலித்ததை மட்டும் எழுதுவதும் இதே வகைதான். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பல ஆய்வுகளைப் பரிசீலித்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2015-இல் அறிவித்தது. "எங்கள் வீட்டு அனுபவம் வேறு" என்று சொல்பவர்கள், மருந்து பலிக்காமல் போன தடவைகளையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். அப்போதுதான் அதை அனுபவம் என்று சொல்ல முடியும்.

அடுத்தது வீரியம். "ஆர்சனிகம் ஆல்பம்" என்று பெயரை மட்டும் எழுதினால் போதாது. 3 எக்ஸ் என்றால் பத்தில் ஒரு பங்காக மூன்று முறை நீர்த்தது, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 சி என்றால் நூறில் ஒரு பங்காக முப்பது முறை. 12 சி-யைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. ஆனால் குறைவாக நீர்த்த குறைந்த வீரியத்திலும், நீர்ப்பதற்கு முந்தைய மூலக் கரைசலான தாய்த் திராவகத்திலும் பொருள் உண்மையாகவே இருக்கிறது. ஆர்சனிக், அகோனைட், பெல்லடோனா எல்லாம் நஞ்சுகள். பல்முளைக்கும் குழந்தைகளுக்கான ஹோமியோபதி மாத்திரைகள் சிலவற்றில் பெல்லடோனாவின் அளவு சீராக இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்ததுண்டு. ஆகவே தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் லேபிளைப் பார்த்து எழுதுங்கள். உருண்டைகளைப் பெயர் ஒட்டாத வேறு குப்பிக்கு மாற்றாதீர்கள். எல்லா உருண்டையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். குப்பி மாறினால் ஏட்டில் உள்ளதும் பொய்யாகிவிடும்.

குடும்பம் முழுவதற்கும் ஒரே பக்கம் வேண்டாம். ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, மேலே வயது, எடை, ஒவ்வாமை எழுதுங்கள். உருண்டைகள் சர்க்கரையால் ஆனவை, மாத்திரைகளில் பெரும்பாலும் லாக்டோஸ், திரவ மருந்துகளில் ஆல்கஹால். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் இது தெரிய வேண்டும்.

அதே நாளில் பாரசிட்டமால் கொடுத்திருந்தால் அதையும் நேரத்தோடு எழுதுங்கள். சிலர் கூச்சப்பட்டு இதை விட்டுவிடுவார்கள். காய்ச்சல் எதனால் இறங்கியது என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, அடுத்த வேளை பாரசிட்டமாலை எப்போது கொடுக்கலாம் என்பதே இந்த வரியைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இன்னொன்று, காத்திருக்கும் எல்லையை எழுதாமல் விடுவது. "நாளைக் காலைக்குள் இறங்காவிட்டால் மருத்துவரிடம்" என்று மருந்து கொடுக்கும்போதே எழுதிவிட்டால், இரவில் "இன்னும் ஒரு வேளை பார்க்கலாம்" என்ற மனது தலைதூக்காது. சிலவற்றுக்கு அந்த எல்லையும் கிடையாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், மூச்சுத்திணறல், வலிப்பு, நெஞ்சுவலி, எழுப்பினால் எழாத மயக்கம் ஆகியவற்றை ஏட்டின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதுங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ஏட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.